அக்கா மகளுக்காக ஆராய்ச்சிக்குப் போகலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடிக்கப் போகிறேன். என் அக்காவைத் தாய்மாமனுக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள். முதல் குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் இறந்துவிட்டது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். இரண்டாவது பெண்ணுக்கு மெத்தில்மலோனிக் அசிடீமியா என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. சாப்பாட்டில் உள்ள புரதத்தை உடம்பால் சரியாக உடைக்க முடியாத பரம்பரை நோய் அது. பருப்பையும் பாலையும் அக்கா கிராம் கணக்கில் நிறுத்துத்தான் கொடுக்கிறாள். இந்த மாதிரி நோய்களை ஆராய்ச்சி செய்ய எனக்கு ஆசை. சென்னையில் ஒரு மருந்து கம்பெனியில் வேலையும் கிடைத்திருக்கிறது. "எங்கேயோ ஒரு பிள்ளைக்கு வருகிற நோயைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்கிறார் அப்பா. நான் ஆராய்ச்சிக்குப் போனால் அக்கா மகளுக்கு உதவுமா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு நேரடியாக உதவும் என்று நம்பிப் போகாதீர்கள். பி.எச்டி. முடிக்கவே ஐந்தாறு வருடம் ஆகும். இன்று அவளைக் காப்பாற்றுவது அக்காவின் தராசும், காய்ச்சலோ வாந்தியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும்தான்.

ஆனால் உங்கள் நிலையில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பஃபலோ நகரில் புற்றுநோய் ஆராய்ச்சியில் இருந்தவர் ராபர்ட் கத்ரி. 1958-ல் அவருடைய மனைவியின் சகோதரிக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு ஃபீனைல்கீட்டோனூரியா. புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனைன் என்ற பொருளை உடம்பால் உடைக்க முடியாமல் அது ரத்தத்தில் சேரும் பரம்பரை நோய் இது. அது தெரியவந்தபோது ஒரு வயது தாண்டிவிட்டது, மூளை பாதிக்கப்பட்டிருந்தது. இத்தனைக்கும், ஃபீனைல்அலனைன் குறைந்த உணவு கொடுத்தால் நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் 1953-லேயே காட்டிவிட்டார்கள். வழி இருந்தும் அந்தக் குழந்தைக்கு அது நேரத்தில் கிடைக்கவில்லை. கத்ரி புற்றுநோயை விட்டுவிட்டு இதில் இறங்கினார். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் காயவைத்தால் போதும். அந்தத் துண்டை பாக்டீரியா வளர்ப்புத் தட்டில் வைக்க வேண்டும். ரத்தத்தில் ஃபீனைல்அலனைன் அதிகமாக இருந்தால் துண்டைச் சுற்றி பாக்டீரியா வளரும். 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அந்தப் பெண்ணுக்கு அது காலம் கடந்த உதவி. அவளுக்குப் பிறகு பிறந்த எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

அதே வடிதாள் அட்டை இன்றும் இருக்கிறது. பாக்டீரியா தட்டுக்குப் பதில், மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி வந்துவிட்டது. ஒரே சொட்டில் பல டஜன் நோய்களைத் தேடலாம், உங்கள் வீட்டு நோயையும்கூட. ஆனால் நம் நாட்டில் இது எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுவதில்லை. அக்காவின் முதல் குழந்தைக்கு நடந்தது போல, கிருமித் தொற்று என்று சொல்லப்பட்டு, உண்மையான நோயின் பெயர் தெரியாமலே இறந்துபோகிற குழந்தைகள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அப்பாவிடம் சொல்லுங்கள்: தனித்தனியாகத்தான் இவை அரிது. இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் பக்கத்தில் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. இதை அவர்மேல் பழியாகச் சொல்லிவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களில் யாருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை.

சரி, வேலை விஷயம். வீட்டில் பணம் அவசரம் என்றால் கம்பெனி வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஹெச்.பி.எல்.சி., மாஸ் ஸ்பெக் போன்ற, ரசாயனங்களைப் பிரித்து அளக்கும் கருவிகள் இருக்கும் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். இந்த மாதிரி நோய்களைக் கண்டுபிடிக்கும் வளர்சிதைமாற்ற ஆய்வுக்கூடத்திலும் அந்தக் கருவிகள்தான். இரண்டு வருடத்துக்கு மேல் இருக்காதீர்கள், பிறகு கிளம்ப மனம் வராது. பணத் தேவை இல்லையென்றால் நேராக ஏதாவது மருத்துவமனையோடு சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் புராஜெக்ட் வேலைக்கு விண்ணப்பியுங்கள். வேலூர் சி.எம்.சி., லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ., ஹைதராபாத் சி.டி.எஃப்.டி. ஆகிய இடங்களில் மரபணு நோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. கூடவே நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், வாடகைப் படி தனி.

ஆறு மாதம் அங்கே இருந்தாலே தெரிந்துவிடும். நாள் முழுக்க மாதிரிகளை வரிசைப்படுத்துவதும், கருவி அடம் பிடித்தால் அதோடு மல்லுக்கட்டுவதும்தான் பெரும்பாலும். ரிப்போர்ட்டில் கெட்ட செய்தி வரும்போது ஒரு பெயரும் வயதும் கண்ணில் படும். அது உங்களை உடைக்கிறதா, அங்கேயே உட்கார்ந்து வேலையைத் தொடர வைக்கிறதா என்று அப்போது பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. அக்கா அந்தப் பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமக்கிறாள் என்றால் உங்களிடமும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் உங்கள் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. வரப்போகிறவரும் அதே மரபணுவில் பழுதைச் சுமப்பவராக இருந்தால்தான் பிரச்சினை. அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. வீட்டில் முறைமாப்பிள்ளை பேச்சு எழும் முன் குழந்தையின் மரபணு ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். அந்த ரிப்போர்ட்டின் நகல் ஒன்று உங்களிடமும் எப்போதும் இருக்கட்டும்.