கான்கார்டில் பறந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? கேள்வி பதில்

ஒலியைவிட வேகமாகப் பறந்து 2003-ல் ஓய்வுபெற்ற கான்கார்ட் பயணிகள் விமானத்தைப் பற்றி, குறிப்பாக அதில் பறந்தவர்களின் அனுபவம் பற்றி, எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இப்போது இங்கிலாந்தில் காட்சிக்கு நிற்கும் ஒரு கான்கார்டில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் தன்னார்வலன். பழைய பயணிகள் அடிக்கடி வருவார்கள். உள்ளே நுழைந்ததும் தங்கள் இருக்கை எண்ணைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அப்புறம் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். நானும் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

பயணப்பித்தன், திருச்சி: ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகும்போது உடம்புக்கு எப்படி இருந்ததாம்?

ஒன்றுமே தெரியவில்லையாம்! இதைத்தான் முக்கால்வாசிப் பேர் முதலில் சொல்கிறார்கள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் கிளம்பும்போதுதான். நான்கு ஒலிம்பஸ் என்ஜின்களும் ஆஃப்டர்பர்னரோடு (என்ஜினின் பின்பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துதலைக் கூட்டும் அமைப்பு) முழுமூச்சில் தள்ளும். அரை நிமிடத்துக்குச் சற்று மேலே, அதற்குள் விமானம் மணிக்கு 400 கி.மீ. வேகத்தை நெருங்கித் தரையை விட்டுவிடும். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். பின்வரிசைக்காரர்களுக்கு இரைச்சலும் அதிர்வும் கூடுதல். அதன்பிறகு ஒன்றரை நிமிடத்துக்குள் ஊர்க்காரர்கள் காதுக்காக ஆஃப்டர்பர்னரை அணைத்து என்ஜினையும் குறைப்பார்கள். மூக்கு சட்டென்று தாழும். "என்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டேன்" என்று ஒரு பாட்டி சொன்னார். விமானி முன்கூட்டியே அறிவித்திருப்பார், ஆனால் வயிறு அறிவிப்பைக் கேட்பதில்லை.

கடலுக்கு மேலே வந்ததும் ஆஃப்டர்பர்னரை மறுபடி போடுவார்கள், இரண்டிரண்டு என்ஜினாக. அப்போது முதுகில் இரண்டு சின்னத் தள்ளல். மேக் 1-ஐ, அதாவது ஒலியின் வேகத்தை, தாண்டுவது கேபினின் முன்சுவரில் இருக்கும் எண்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். மேக் 1.7-ல் ஆஃப்டர்பர்னர் அணையும், மேக் 2-ல் பலகையில் எண் நிற்கும். மணிக்கு சுமார் 2,150 கி.மீ. ஷாம்பேன் கிண்ணத்தில் அலைகூட இருக்காது. பழைய ஆல்பங்களைப் பாருங்கள், எல்லோரும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்திருக்கிறார்கள். வேகத்துக்கு அது ஒன்றுதான் சாட்சி.

நெல்லை வாசகி: ஒலித்தடையைத் தாண்டும்போது உள்ளே பெரிய வெடிச்சத்தம் கேட்டிருக்குமே?

கேட்காது. அதிர்ச்சி அலை விமானத்தோடு கூடவே வருவது. அது கடந்து போகும்போது கீழே இருப்பவருக்குத்தான் "டும் டும்" என்று கேட்கும். கேட்டேன் என்று சொல்லும் பயணி சொல்வது, பெரும்பாலும் ஆஃப்டர்பர்னர் தள்ளலை. இதே கேள்வியை இன்னும் பலர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில்.

மதுரைக்காரன்: டிக்கெட் எவ்வளவு சார்?

கடைசி வருடங்களில் லண்டன் – நியூயார்க் போக வர ஆறாயிரம் பவுண்டுக்கு மேல்.

ஆனால் அன்போடு பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த டிக்கெட் வாங்கியவர்கள் அல்ல. வாராவாரம் நியூயார்க் போய்வந்த வங்கிக்காரர்களுக்கு அது வேலைக்குப் போகும் வண்டி. பேப்பர் படித்தார்கள், தூங்கினார்கள். சிறப்புச் சுற்றுப்பயண விமானங்கள் என்று ஓடின, அதில் போனவர்கள்தான் வேறு ரகம். லண்டனில் ஏறி, பிஸ்கே விரிகுடாவுக்கு மேல் ஒரு சுற்று, ஒன்றரை மணி நேரத்தில் திரும்ப லண்டன். சில நூறு பவுண்டு. தபால்காரர், நர்ஸ், ஓய்வுபெறும் பள்ளி ஆசிரியர், கல்யாண நாள் தம்பதி என்று வந்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பின்லாந்தின் ரோவனியமிக்கு ஒருநாள் பயணம், குழந்தைகள் சாண்டாவைப் பார்க்க. வருஷக்கணக்கில் காசு சேர்த்து ஏறியவர்கள் இவர்கள். ஒரு நிமிடத்தையும் விடாமல் பார்த்திருக்கிறார்கள்.

தேக்கா வாசி, சிங்கப்பூர்: கான்கார்ட் சிங்கப்பூருக்கு வந்தது என்று அப்பா சொல்வார். கதை விடுகிறாரா?

அப்பா சொல்வது சத்தியம். 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டன் – பஹ்ரைன் – சிங்கப்பூர் சேவை தொடங்கின. சாங்கி விமான நிலையம் அப்போது திறக்கவில்லை, பழைய பாய லேபார் நிலையத்தில்தான் இறங்கியது. மூன்று முறை போய்வந்ததுமே மலாக்கா நீரிணைக்கு மேலே சத்தம் என்று மலேசியா ஆட்சேபிக்க, சேவை நின்றது. 1979 ஜனவரியில் மறுபடி ஓடி, 1980 நவம்பரில் மொத்தமாக முடிந்தது. இந்தியாவும் தன் வான்வெளியில் ஒலியைவிட வேகமாகப் பறக்க அனுமதிக்கவில்லை. அரை மனசோடு பறந்தால் இந்த விமானத்துக்குக் கட்டுப்படியாகாது.

அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார்? அந்த விமானத்தின் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம். அதே விமானம் இன்று நியூயார்க்கில் இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, பாதி சிங்கப்பூர் அடையாளம் மட்டும் போய்விட்டது.

கோவை மெக்கானிக்: பறக்கும்போது விமானம் நீளும் என்பது உண்மையா? ஜன்னல் சுடுமாமே?

இரண்டும் உண்மை. வெளியே காற்று மைனஸ் 50-க்கும் கீழே. ஆனால் அந்த வேகத்தில் முன்னால் நசுங்கும் காற்றே சூடாகி மூக்கு நுனி 127 டிகிரி வரை போகும். அலுமினிய உடல் விரிந்து 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். உள்ளே உட்கார்ந்தவர் ஜன்னலில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். சாதாரண விமானத்தில் ஜன்னல் சில்லென்று இருக்கும் அல்லவா, அதனால் இந்த வெதுவெதுப்பு பலருக்கும் கையிலேயே தங்கிவிட்டது. வருகிறவர்கள் இன்றும் அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

காக்பிட்டில் ஃப்ளைட் இன்ஜினியர் பலகைக்கும் சுவருக்கும் நடுவே, பறக்கும்போது மட்டும் கை நுழையும் அளவு இடைவெளி திறக்கும். தரையிறங்கி ஆறினால் மூடிக்கொள்ளும். கடைசிப் பயணங்களில் சில இன்ஜினியர்கள் தங்கள் தொப்பியை அதில் செருகிவிட்டு இறங்கினார்கள். மறுபடி பறந்தால்தான் எடுக்க முடியும்.

இயற்பியல் டீச்சர், ராமநாதபுரம்: 60,000 அடியில் பூமியின் வளைவு தெரிந்தது என்று எல்லாப் பயணிகளும் சொல்கிறார்கள். நீங்கள் ஒரு பேட்டியில் "பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது" என்றீர்களாம். என்ன நியாயம் இது?

டீச்சர், வளைவு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜன்னல் சின்னது என்று சொன்னேன். கான்கார்டின் ஜன்னல் உள்ளங்கை அளவுதான். 18 கி.மீ. உயரத்தில் தொடுவானம் சுமார் 480 கி.மீ. தொலைவில் இருக்கும். 60 டிகிரி அகலத்துக்குப் பார்வை கிடைத்தால், நடுவைவிட ஓரங்கள் முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தாழும். முழுநிலாவின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம், கண்ணுக்குத் தெரியும். ஆனால் இருக்கையில் சாய்ந்தபடி அந்த ஜன்னல் வழியே 20 டிகிரிகூடக் கிடைக்காது. அப்போது தாழ்வு நிலாவில் எட்டில் ஒரு பங்குதான்.

அதே டீச்சர்: என் மாமா கண்ணாரப் பார்த்திருக்கிறார். மாமா பொய் சொல்கிறாரா?

மாமாவை நான் ஏன் பகைத்துக்கொள்ள வேண்டும்? கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்திருந்தால் பார்வை அகலம் இரண்டு மடங்காகும், தெரிந்திருக்கலாம். 2001 செப்டம்பருக்கு முன்பு பயணிகளைக் காக்பிட்டுக்குள் அழைத்துப் போவது வழக்கம். அங்கே போயிருந்தால் சந்தேகமே இல்லை. மாமாவிடம் கேட்டு எழுதுங்கள்.

கேமரா கண்ணன்: மாமாவை விடுங்கள். என்னிடம் இருக்கும் படத்தில் பளிச்சென்று வளைவு தெரிகிறதே!

அகல லென்ஸ் எதையும் வளைக்கும். தொடுவானம் படத்தின் நடுவில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று பாருங்கள். மேலே இருந்தால் உங்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் அப்படித்தான் வளையும்.

டீச்சர் மறுபடி: மாமாவிடம் கேட்டேன். காக்பிட்டுக்குப் போனாராம், 1998-ல். "இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே" என்கிறார்.

அப்படியானால் மாமா பார்த்தது வளைவுதான். என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உண்மை விளம்பி: ஆக, ஜன்னலில் வளைவு தெரியாது என்று நிபுணரே ஒப்புக்கொண்டுவிட்டார். பூமி தட்டை என்பதை எப்போது ஒப்புக்கொள்வீர்கள்?

அந்த உயரத்தில் தொடுவானம் கண் மட்டத்துக்கு 4 டிகிரிக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். தட்டையான தரையில் அது இறங்காது. இந்த விஷயத்தில் வந்த இன்னும் பல கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன். பாதி டீச்சருக்கு ஆதரவு, பாதி மாமாவுக்கு. வானம் நண்பகலிலும் கருநீலமாக இருந்தது என்பதில் மட்டும் எல்லாப் பயணிகளும் ஒரே குரல், அதில் எனக்கும் சண்டை இல்லை.

நள்ளிரவு வாசகி: சூரியன் மேற்கே உதித்ததாமே?

குளிர்கால மாலையில் லண்டனிலிருந்து கிளம்பியவர்களுக்கு, ஆமாம். ஓடுபாதையில் இருட்டிவிடும். அந்த அட்சரேகையில் பூமி சுழலும் வேகம் மணிக்கு ஆயிரம் கி.மீ. சொச்சம். விமானம் அதில் இரண்டு மடங்கு வேகத்தில் மேற்கே விரட்டுவதால், அஸ்தமித்த சூரியன் எதிரே மெல்ல மேலே ஏறும். சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்வார்களாம். பேப்பர் படிக்கும் வங்கிக்காரர்கள் உட்பட. நான் கேட்ட கதைகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இதே கணக்கை வைத்து 1973 ஜூன் 30-ல் முதல் மாதிரி விமானம் 001 ஆப்பிரிக்காவுக்கு மேல் சந்திரனின் நிழலோடு கூடவே ஓடியது. தரையில் அதிகம் போனால் ஏழு நிமிடம் கிடைக்கும் முழுக் கிரகணத்தை, உள்ளே இருந்த விஞ்ஞானிகள் 74 நிமிடம் பார்த்தார்கள்.

சேலம் சேகரிப்பாளர்: கான்கார்ட் ஸ்பூன், ஃபோர்க் இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். பயணிகள் கரண்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கியது ஊரறிந்த ரகசியம், அதனால் அசலும் வெளியே உண்டு. ஆனால் போலி அதைவிட அதிகம். 2003 கடைசியில் பாரிஸில் கிறிஸ்டீஸும் லண்டனில் பொனாம்ஸும் அதிகாரபூர்வமாக ஏலம் விட்டன. அந்த ஏல ரசீது இல்லாத எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

விழுப்புரம் வேலு: டிக்கெட் விலை எவ்வளவு?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

போஜனப்பிரியன்: என்ன சாப்பாடு?

கேவியர், லாப்ஸ்டர், ஷாம்பேன். நம்மூர் சாம்பார் இல்லை.

ஈரோடு தம்பி: ரஃபேல் விமானமா, கான்கார்டா, எது வேகம்? அப்புறம், பைலட் ஆக என்ன படிக்கணும்?

வேகம் கான்கார்டு. போர் விமானம் என் துறை இல்லை. படிப்புக்கு இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவின் இணையதளத்தைப் பாருங்கள் தம்பி.

மயிலாப்பூர் அன்பர்: பாரிஸ் விபத்தால்தானே நிறுத்தினார்கள்?

அதனால் மட்டும் அல்ல. 2000 ஜூலை 25-ல் ஓடுபாதையில் கிடந்த உலோகப் பட்டையில் ஏறி டயர் வெடித்து, அதன் துண்டு எரிபொருள் தொட்டியைத் தாக்கி, தீப்பிடித்து 113 பேர் இறந்தார்கள். கீழே கோனெஸ் ஊரில் ஹோட்டலில் இருந்த நால்வரும் அதில் அடக்கம். பிறகு தொட்டிகளுக்குக் கெவ்லார் என்ற வலுவான இழையாலான உறை, புது டயர் எல்லாம் போட்டு 2001 நவம்பரில் மறுபடி பறக்கவிட்டார்கள். அதற்குள் அமெரிக்காவில் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து பயணிகள் குறைந்துவிட்டார்கள். பராமரிப்புச் செலவு ஏறியது, ஏர்பஸ் இனி உதிரிபாக ஆதரவு தர இயலாது என்றது. 100 பேரை ஏற்ற 95 டன் எரிபொருள் கேட்கும் விமானத்துக்கு அதற்குமேல் யார் வக்காலத்து வாங்குவார்கள்? ஏர் பிரான்ஸ் 2003 மே மாதமும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் அக்டோபர் 24-லும் நிறுத்தின.

தஞ்சை ரசிகர்: ஏர் இந்தியாவும் கான்கார்ட் வாங்க இருந்ததா?

இரண்டுக்கு முன்பதிவு செய்திருந்தது. பிறகு உலகில் பல நிறுவனங்களோடு சேர்ந்து விலகிக்கொண்டது.

புது வாசகர்: உள்ளே வெடிச்சத்தம்...

கேட்காது, கேட்காது.

சென்னை மாணவி: மறுபடி இப்படி ஒரு விமானம் வருமா சார்?

அமெரிக்காவில் பூம் நிறுவனத்தின் எக்ஸ்பி-1 சோதனை விமானம் 2025 ஜனவரி 28-ல் ஒலி வேகத்தைத் தாண்டியது. அது ஒருவர் மட்டும் உட்காரும் விமானம் அம்மா. பயணிகள் விமானம் ஓடுபாதையில் வந்து நிற்கட்டும், பேசுவோம். அதற்குள் "முன்பதிவு" என்று யாராவது பணம் கேட்டால் கரண்டி விற்பவரைப் பற்றிச் சொன்னதே இவருக்கும்.

லண்டன் போகும் தாத்தா: பேரனோடு இங்கிலாந்து வருகிறேன். உள்ளே ஏறிப் பார்க்க எது நல்லது?

பிரிஸ்டலுக்குப் போங்கள் ஐயா. 2003 நவம்பர் 26-ல் கடைசியாகப் பறந்த கான்கார்ட் அங்கேதான் நிற்கிறது, பிறந்த ஊரிலேயே. வடக்கே போவதாக இருந்தால் மான்செஸ்டர். பாரிஸுக்கும் போவீர்களானால் லெ பூர்ஜேயில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் உண்டு, ஒன்று நான் சொன்ன அந்த 001. பேரனுக்கு ஒலியைவிட வேகமாகப் பறந்த ரஷ்யப் பயணிகள் விமானமான டுபோலெவ் 144-ம் வேண்டுமென்றால் ஜெர்மனியில் ஸின்ஸ்ஹைம், இரண்டும் ஒரே கூரைமேல் நிற்கின்றன, உள்ளேயும் ஏறலாம். படிக்கட்டு அதிகம், கேபின் தரை சாய்வு. முழங்கால் எப்படி என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.