பதில்: 1-3 பின்னடைவில் என் அணி, கணிப்பில் யாரை எழுதுவது?

உங்கள் அணி அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் (முதலில் நான்கு ஆட்டம் வெல்லும் அணிக்கே பட்டம்) 1-3 என்று பின்தங்கியிருக்கிறது. இன்னும் ஒன்றுகூடத் தோற்கக் கூடாது. ஒவ்வொரு ஆட்டமும் சரிபாதி வாய்ப்பு என்றால் மூன்றையும் வெல்ல 12.5%. ஆட்டத்துக்கு 40% என்றால் வெறும் 6.4%. எதிரணி 5-ஆவது ஆட்டத்திலேயே முடிக்கும் வாய்ப்புத்தான் அதிகம். கணிப்புப் போட்டியில் புள்ளி முக்கியமென்றால் அதையே எழுதுங்கள். அது துரோகம் ஆகாது, உங்கள் அணிக்குத் தொண்டை கிழியக் கத்த எந்தத் தடையும் இல்லை.

மனம் ஒப்பவில்லையா? பந்து வீசும் பிட்சர்களைப் பாருங்கள். வழக்கமான அட்டவணையில் முதல் ஆட்டத்தின் பிட்சர் நான்கு நாள் ஓய்வுக்குப் பின் 5-ஆவது ஆட்டத்துக்கு வருவார். அவர் உங்கள் சிறந்த பிட்சர் என்றால் நம்பிக்கைக்கு இடமுண்டு. கடைசி இன்னிங்ஸ்களைக் காக்க இடையில் வரும் மாற்று பிட்சரான ரிலீவரின் களைப்பையும் கணக்கில் சேருங்கள், பலர் தவறவிடுவது இதைத்தான். 2016-இல் சிகாகோ கப்ஸ் இதே 1-3 நிலையிலிருந்து கிளீவ்லாந்தை வென்றது. ஆனால் 5-ஆவது ஆட்டத்தில் 42 பந்து வீசிய கப்ஸின் ரிலீவர் சாப்மன், 6-ஆவதிலும் வீசினார். 7-ஆவதில் எட்டாம் இன்னிங்ஸில் அவர் வீச்சில் கிளீவ்லாந்தின் ராஜாய் டேவிஸ் அடித்த ஹோம் ரன் ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டது. வழக்கமான ஒன்பதைத் தாண்டி, பத்தாம் இன்னிங்ஸில்தான் கப்ஸ் 8-7 என்று தப்பியது.