கூட்டத்தில் ஒப்புக்கொடுத்தேன், வேலையை விடலாமா?

கேள்வி: மே மாதம் எங்கள் ஊர் கன்வென்ஷனில், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பவர்கள் முன்னால் வாருங்கள் என்று பிரசங்கியார் கூப்பிட்டபோது நானும் போய் முழங்காலில் நின்றேன். வயது 26. பம்ப் கம்பெனியில் வேலை. அப்பா இல்லை, அக்கா கல்யாணக் கடன் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறது. வேலையை விடுகிறேன் என்றால் அம்மா அழுகிறார். தாமதித்தால் அழைப்பு போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யட்டும் அண்ணா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, அன்றைக்கு நீங்கள் எழுந்து போனதை, பாட்டும் கண்ணீரும் சேர்ந்து செய்த வேலை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆண்டவர் கூட்டத்திலும் பேசுவார். ஆனால் இங்கே இரண்டு தீர்மானங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இனி என் வாழ்க்கை ஆண்டவருக்கு என்பது ஒன்று, அதை அன்றே எடுத்துவிட்டீர்கள், அதற்கு ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். சம்பள வேலையை விட்டு ஊழியத்துக்குப் போவது, எங்கே போவது, யாரோடு போவது என்பது இன்னொன்று. அதை மேடைக்கு முன்னால் நின்ற அந்தப் பத்து நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

நண்பர்கள் சொல்வதற்கு வருகிறேன். வேதநாயகம் சாமுவேல் அசரியாவைத் தெரிந்திருக்கும், வெள்ளாளன்விளையில் ஒரு கிராம சபைகுருவின் மகனாகப் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் செயலராக வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு போட்டு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். மறு வருஷமே அவரும் சேர்ந்து திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். மற்றவர்களைப் போங்கள் போங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தவருக்கு, நானே ஏன் போகக்கூடாது என்ற கேள்வி உள்ளே குடைந்தது. கடைசியில் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ராஜ்ஜியத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்கு, தெலுங்கு பேசும் ஜனங்களிடம் அவர் போனது 1909-இல். நடுவில் ஆறு வருஷம். அழைப்பு எங்கேயும் போய்விடவில்லை, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனதும் அவர்தான்.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால், பவுல் தமஸ்குவுக்குப் போகும் வழியிலேயே அழைப்பைப் பெற்றவர், ஆனால் அந்தியோகியாவிலிருந்து மிஷனெரி பயணம் கிளம்பியபோது அவரையும் பர்னபாவையும் ஜெபித்து, உபவாசித்து, கைவைத்து அனுப்பியது அந்த ஊர் சபை (அப்போஸ்தலர் 13). ஒரு வருஷம் முழுக்க அவர்கள் நடுவில் இருந்து போதித்தவர், அவர்களுக்கு அவரைத் தெரியும். உங்களைத் தெரிந்த சபை எது? கன்வென்ஷன் பிரசங்கியாருக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. உங்கள் ஆயருக்குத் தெரியும், வாலிபர் கூட்டத்தில் உங்களோடு உட்காருகிற அண்ணன்மாருக்குத் தெரியும். உங்கள் கோபமும் தெரியும், உங்கள் வரமும் தெரியும். முதலில் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

அம்மா விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு என்று ஒதுக்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கேட்டார் என்று மாற்கு 7-இல் இருக்கிறது, இன்று ராத்திரியே எடுத்து வாசியுங்கள். கலப்பையில் கைவைத்துத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்ற வசனத்தை யாராவது காட்டுவார்கள். மனசு பழைய வாழ்க்கைக்கு ஏங்குவதைப் பற்றிய வசனம் அது, வாங்கிய கடனை அடைக்கிறவனைப் பார்த்துச் சொன்னது இல்லை. கடனை முடியுங்கள். அம்மாவுக்கு மாதச் செலவுக்கு என்ன வழி என்று அக்காவையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். பயத்தில்தான் அழுகிறார், ஆண்டவருக்கு எதிராக அழவில்லை.

அதற்காக இந்த இரண்டு வருஷமும் சும்மா இருங்கள் என்று சொல்ல மாட்டேன். லேகியோன் என்ற அசுத்த ஆவிகளின் கூட்டம் பிடித்திருந்த மனிதன் விடுதலையானதும் இயேசுவோடு படகில் ஏற வேண்டினான், அவரோ உன் வீட்டாரிடம் போய்ச் சொல் என்று அனுப்பினார், அவன் தெக்கப்போலி நாடெங்கும் போய்ச் சொன்னான். ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு கேளுங்கள், சின்னப் பிள்ளைகள் வகுப்பாக இருந்தாலும் சரி. வருஷ லீவைச் சேர்த்து வைத்து ஒரு பணித்தளத்தில் போய்த் தங்குங்கள். அங்கே மேடை இருக்காது, மொழி புரியாது, தண்ணீர் தூரத்திலிருந்து வரும். அந்த ஊழியரின் மனைவியிடமும் பேசுங்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் எங்கே போவார்கள் என்று கேளுங்கள். அப்புறமும் அந்தப் பாரம் இறங்காமல் இருந்தால், சபைகுருவாக வேண்டுமா, மிஷனெரியாக வேண்டுமா என்று ஆயரோடு பேசி, திருமண்டலம் (பேராயரின் கீழ் உள்ள சபைகளின் வட்டாரம்) நடத்தும் தேர்வு, இறையியல் கல்லூரி என்று முறையாகப் போங்கள்.

உடனே ராஜினாமா செய், நாளைக்கே என்னோடு வா என்று ஒருவர் கூப்பிட்டால், உங்கள் ஊழியத்துக்குக் குழு உண்டா, வரவு செலவைத் தணிக்கை செய்வது யார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் போகாதீர்கள்.

கேள்வி: என் மகன் பிறந்தபோது பிழைப்பானா என்று இருந்தது. பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு, இன்ஜினீயரிங்தான் படிப்பேன் என்கிறான். பொருத்தனை என்னாவது?
- ஒரு தாய், நாசரேத்

பதில்: அம்மா, வேதத்தில் அன்னாளும் உங்களைப் போலப் பொருத்தனை பண்ணி, தன் மகன் சாமுவேலைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாள், ஆனாலும் கர்த்தர் அந்தப் பையனைத் தாமே பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஒரே ராத்திரியில் திரும்பத் திரும்ப. அழைக்கிற வேலையை அவர் தாயிடம் விடவில்லை. நீங்கள் பண்ணிய ஜெபத்தைத் தம்பியிடம் சொல்லுங்கள், அது அவன் கதை, அவனுக்குத் தெரிய வேண்டும். ஆனால் சாபம் வரும் என்று மட்டும் சொல்லாதீர்கள், பயந்து ஊழியத்துக்கு வந்த பிள்ளைக்கும் சமாதானம் இல்லை, அவன் சபைக்கும் இல்லை. காலேஜில் சேர்த்துவிடுங்கள். உங்கள் ஆயரிடமும் பொருத்தனையைச் சொல்லி, மனப்பாரத்தை இறக்கி வையுங்கள்.