படத்தின் ஊரும் பகாசுரன் சோறும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை வேலூரில் பொருட்காட்சிக்கு அழைத்துச் சென்றிருந்தோம். நுழைவாயில் முழுக்க ‘அவதார்’ படத்தின் நீல மனிதர்களும் தொங்கும் பாறைகளும் தெர்மாகோலில் செய்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே போனால் வழக்கமான ராட்டினம், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜிதான். பொறியியல் படிக்கும் என் மகன், அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் இதே படத்தை வைத்து ஒரு பெரிய பகுதியையே கட்டியிருக்கிறது என்றும், கதாநாயகனின் பெயர்கூட யாருக்கும் நினைவில்லாத ஒரு படத்தை அதற்குத் தேர்ந்தெடுத்தது தவறு என்றும் சொன்னான். நன்றாக ஓடிய படம் எதுவானாலும் கூட்டம் வரும் என்பது மகளின் கட்சி. இதற்கிடையில் என் கணவரின் அண்ணன், பள்ளிகொண்டா அருகே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தம் நிலத்தில் ‘பொன்னியின் செல்வன்’ படத்தை வைத்து ஒரு பூங்கா கட்டலாமா என்று நண்பர்களோடு தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு திரைப்படம் தீம் பார்க்குக்கு நல்ல அடிப்படையாகுமா? எப்படிப்பட்ட படம் ஆகும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் கேள்வியை அமெரிக்காவிலும் பலர் கேட்டார்கள். ‘அவதார்’ 2009 டிசம்பரில் வெளிவந்தது. ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவுக்குள் ‘பண்டோரா’ என்ற பகுதி 2017 மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏழரை ஆண்டுகளில் அந்தப் படத்துக்குத் தொடர்ச்சி எதுவும் வரவில்லை. உலகிலேயே அதிகம் வசூலித்த படமாக இருந்தும் அதன் ஒரு வசனத்தைக்கூட யாரும் திருப்பிச் சொல்வதில்லை, இதை நம்பி இத்தனை பணத்தைக் கொட்டுகிறார்களே என்று எழுதியவர்கள் உண்டு. திறந்த பிறகோ, அங்கே பறவையின் முதுகில் பறக்கும் ஒரு சவாரிக்கு மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

உங்கள் மகன் சொன்னதில் பிழையில்லை. கதாநாயகனின் பெயர் எனக்கும் நினைவில்லை. ஆனால் அந்தரத்தில் நிற்கும் மலைகளும், இருட்டில் தானே ஒளிரும் காடும் அந்தப் படத்தைப் பார்த்த எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. பூங்காவை வடிவமைத்தவர்கள் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். படத்தின் போர் முடிந்து வெகுகாலம் கழிந்துவிட்டது, இப்போது அங்கே அமைதி நிலவுகிறது, நீங்கள் அந்த இடத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கும் பயணி என்பதுதான் அங்கே சொல்லப்படும் செய்தி. டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர் உண்மையிலேயே பயணிதானே! அவர் எதையும் நடிக்க வேண்டியதில்லை, கதாநாயகனைத் தேடி அலைய வேண்டியதுமில்லை. இரவானால் நடைபாதைகூட மங்கலாக ஒளிர்கிறது.

ஆகவே, படம் எத்தனை நாள் ஓடியது, கதை எத்தனை பேரை அழ வைத்தது என்பவற்றை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். கதை நகர்ந்துபோன பிறகும் அங்கே ஓர் ஊர் மிச்சமிருக்கிறதா, அந்த ஊரில் கதாநாயகன் அல்லாத ஒரு சாதாரண ஆளுக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்பதே என் முதற்கேள்வி. இதை அமெரிக்காவைப் பார்த்து நான் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இது சிறுவயதிலேயே தெரிந்துவிடும்.

ஆற்காட்டுக்கும் ஆரணிக்கும் இடையில் உள்ள எங்கள் பூர்வீக கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பாரதம் வைப்பார்கள். பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பகாசுரன் கதை வரும் நாளில் பீமன் வேடம் கட்டியவர் மாட்டுவண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார், ஒவ்வொரு வீட்டிலும் அவருக்குச் சோறு கொடுக்க வேண்டும். எனக்கு எட்டு வயதிருக்கும். மத்தளம் முன்னால் வர, முகத்தில் பூசிய சாயம் வியர்வையில் வழிய, புஜக்கட்டை கட்டிய அந்தப் பெரிய உருவம் எங்கள் வாசலில் நின்றது. பாட்டி என் கையில் கொடுத்தனுப்பிய தட்டிலிருந்து ஒரு கவளத்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியை வண்டியில் இருந்த அண்டாவில் கொட்டிவிட்டு, “இது பகாசுரனுக்குப் பத்துமாடா?” என்று என்னிடம் கேட்டார். நான் உள்ளே ஓடி இரண்டு வாழைப்பழங்களை எடுத்துக்கொண்டு வந்தேன். முந்திய நாள் அதே மனிதர் எங்கள் ஊர் டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன், அது எனக்கு ஒரு தடையாகவே இல்லை. அன்று எங்கள் தெரு ஏகசக்கர நகரம். அசுரனுக்கு வண்டிச்சோறு அனுப்ப வேண்டிய குடிகளில் நானும் ஒருவன்.

அர்ச்சுனன் தபசன்று உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறும் அர்ச்சுனன் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் படுகளம். துரியோதனன் களிமண்ணில் மல்லாந்து கிடப்பான், ஒரு வீட்டின் நீளத்துக்கு மேல் இருப்பான். அவன் தொடையில் புதைத்து வைத்த சட்டியைப் பீமன் உடைக்க, வழியும் செந்நீரைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஊரே அந்த மண்ணுடலைச் சுற்றி நிற்கும். வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும், கோயில் சடங்கைக் கேளிக்கைப் பூங்காவோடு ஒப்பிடுவது சிலருக்கு உறுத்தலாம். ஆனால் ஒரு கதையை ஊராக்கி, பார்க்க வந்தவனுக்கும் அதில் ஒரு வேலையைக் கொடுக்கும் வித்தையில் இதைவிடத் தேர்ந்த ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் வெளிநாட்டுப் பூங்காக்களின் வெற்றி தோல்விகள் ஓரளவு விளங்கும். ஹாரி பாட்டர் பகுதியை யூனிவர்சல் நிறுவனம் ஆர்லாண்டோவில் 2010 ஜூனில் திறந்தது. அந்தக் கதையில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் இருக்கின்றன. பள்ளிக்கூடம் என்றாலே உள்ளே வரும் எல்லாப் பிள்ளைகளும் மாணவர்கள்தான். ஃப்ளோரிடாவின் ஜூன் மாத வெயில் நம் வேலூர் வெயிலுக்கு இளைத்ததல்ல; அந்த வெயிலில் பிள்ளைகள் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, மந்திரக்கோல் வாங்கிக்கொண்டு திரிகிறார்கள். 2014இல் இரண்டாவது பகுதி திறந்தபோது, விலைக்கு வாங்கிய மந்திரக்கோலைக் கடைச்சன்னல் முன் அசைத்தால் உள்ளே பொருள்கள் அசையும்படி செய்துவிட்டார்கள். பகாசுரனுக்கு நான் கொண்டுபோன வாழைப்பழத்துக்கும் அந்தக் கோலுக்கும் வேலை ஒன்றுதான்.

கலிஃபோர்னியாவில் டிஸ்னி 2012இல் திறந்த ‘கார்ஸ்’ பகுதி எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த உதாரணம். 2006இல் வந்த அந்தப் படத்தை, அதை எடுத்த பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்தின் மிகச் சிறந்த படங்களின் வரிசையில் நான் வைக்க மாட்டேன். ஆனால் அதன் கதையே ஓர் ஊரைப் பற்றியது: பெரிய நெடுஞ்சாலை ஊரைத் தவிர்த்துப் போய்விட்டதால் வண்டிகள் வராமல் வாடிப்போன ஒரு சிறிய கடைத்தெரு. புறவழிச்சாலை வந்த பிறகு பேருந்துகள் உள்ளே நுழையாமல் போய், டீக்கடையும் பங்க்சர் கடையும் ஒவ்வொன்றாகப் பலகை சாத்திய ஊர்களை நம் பக்கத்தில் எத்தனை பார்த்திருக்கிறோம்! அந்தப் பூங்காவில் அந்தி சாயும் நேரத்தில் ஒரு பழைய பாட்டை ஒலிக்கவிட்டு, கடைகளின் நியான் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறார்கள், படத்தில் அந்த ஊர் மறுபடி உயிர்பெறும் காட்சியைப் போலவே. சவாரியில் ஏறாதவர்கள்கூட அதற்காக நடுத்தெருவில் நிற்கிறார்கள்.

டிஸ்னியின் ‘ஸ்டார் வார்ஸ்’ பகுதி 2019இல் திறந்தபோது எதிர்பார்ப்பு இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது. அங்கே வருகிறவருக்கு வேலை கொடுக்க அவர்கள் மறக்கவில்லை. முழு அளவில் நிறுத்தியிருக்கும், படங்களில் வரும் அந்தப் புகழ்பெற்ற விண்கலத்தில் ஆறு பேர் ஏறி, ஓட்டுபவர், சுடுபவர், பழுது பார்ப்பவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆனால் முதல் படம் வந்த 1977 முதல் ரசிகர்களின் மனத்தில் குடியிருந்த ஊர்கள் எதையும் கட்டாமல், படங்களில் யாரும் பார்த்திராத ‘பட்டூ’ என்ற புதிய கோளைக் கட்டினார்கள். நன்றாகக் கட்டினார்கள் என்பதில் சந்தேகமில்லை. என்றாலும், சொந்த ஊருக்குப் போகப் புறப்பட்டவனைப் பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டது போன்ற ஒரு குறை முதலில் போன ரசிகர்கள் பலருக்கு இருந்தது.

உங்கள் மகளின் கட்சிக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். ஓடாத படம்கூடச் சில நேரம் நிலைத்துவிடுகிறது. 1995இல் செலவுக்கு ஏற்ற வசூல் இல்லாமல் கேலிக்குள்ளான ‘வாட்டர்வேர்ல்ட்’ படத்தின் சாகசக் காட்சியை அதே ஆண்டு ஹாலிவுட்டின் யூனிவர்சல் பூங்காவில் தொடங்கினார்கள், படத்தை மறந்த தலைமுறைகள் வந்த பிறகும் அது நடந்தது. தண்ணீர், மோட்டார் படகு, வெடி ஆகியவற்றுக்குக் கதை எதற்கு? இதற்கு எதிர்ப்பக்கத்தில், படத்தின் பழி பூங்காவைப் பிடிப்பதும் உண்டு. அடிமை முறை ஒழிந்த காலத்துக் கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் பொய்யான இனிமையோடு காட்டியதாகக் கண்டிக்கப்பட்ட 1946ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் கார்ட்டூன் பகுதிகளை வைத்து, டிஸ்னி 1989இல் ஒரு தண்ணீர்ச் சவாரியைக் கட்டியது. அதில் ஏறியவர்களில் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, சவாரியோ அவர்களுக்கு உயிர். இருந்தும் 2023இல் அமெரிக்காவின் இரண்டு பூங்காக்களிலும் அதை மூடி, வேறு படத்தின் பாத்திரங்களோடு மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. சினிமா ஒரு தீபாவளியில் வந்து பொங்கலுக்குள் போய்விடும், சிமென்டில் கட்டியதோ முப்பது ஆண்டுகள் நிற்கும். எந்தப் படமானாலும் அதைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம் என்பதை முதலீடு செய்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

இனி உங்கள் கணவரின் அண்ணனுக்கு. ஹைதராபாத் ராமோஜி திரைப்பட நகரில் ‘பாகுபலி’ அரங்குகளைப் பார்வையாளர்களுக்காக வைத்திருக்கிறார்களே, அப்படி ஏதாவது செய்யலாம் என்று அவர் நினைக்கக்கூடும். அது படம் எடுத்த இடம். அங்கே சிம்மாசனத்தின் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ளலாம், அந்த இடத்துக்கு அது போதும். பள்ளிகொண்டாவில் யாரும் படம் எடுக்கவில்லை. எனவே அரண்மனையின் முகப்பை மட்டும் கட்டினால், பொருட்காட்சி வாசலில் நீங்கள் பார்த்த தெர்மாகோல் பாறைதான் கான்கிரீட்டில் கிடைக்கும்.

‘பொன்னியின் செல்வன்’ தேர்வு மோசமானதல்ல. 2022இலும் 2023இலும் வந்த படங்களைவிட, 1950களின் தொடக்கத்தில் கல்கி வார இதழில் தொடராக வந்த நாவல்தான் இதற்கு உதவும். ஆடிப்பெருக்கன்று எழுபத்து நான்கு கணவாய்களோடு (மதகுகளோடு) ததும்பும் வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான். அதைப் படித்த தமிழர் எல்லோரும் அந்தக் கரையில் ஒருமுறையாவது நின்றிருக்கிறார்கள். அவன் அரசன் அல்லன், ஓலை கொண்டுபோகிற தூதன். இதைவிட வசதியான வேடம் பார்வையாளருக்கு வாய்க்குமா? வாசலில் ஆளுக்கு ஓர் ஓலையைக் கொடுத்து, கடம்பூர் மாளிகை வழியாகக் கோடிக்கரைப் படகுத்துறைவரை யாரிடமும் பிடிபடாமல் கொண்டுசேர்க்கச் சொன்னால், ராட்டினமே தேவைப்படாது. போதாததற்கு அந்த வாலிபனான வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். அந்த வாணர்கள் ஆண்ட நாடு காட்பாடிக்கு அந்தப்பக்கம் உள்ள நம் திருவல்லத்தைச் சுற்றித்தான் இருந்தது. நாடிழந்த இளவரசன் சொந்த மண்ணுக்குத் திரும்புகிறான் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு காரியங்களை மட்டும் அவர் யோசிக்க வேண்டும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, நாவலை எடுத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டாம். படத்தில் வந்த முகங்கள், உடைகள், இசை ஆகியவற்றை எடுத்தால் தயாரிப்பாளர்களின் அனுமதி வேண்டும், அது மலிவாகக் கிடைக்காது. இரண்டாவது தண்ணீர். அந்தக் கதையில் பாதி ஆறும் ஏரியும் கடலும். 2021 நவம்பரில் கரைபுரண்டதை நாம் பார்த்தோம் என்றாலும், பெரும்பாலான மாதங்களில் பாலாறு மணலாகத்தான் கிடக்கிறது. பக்கத்துக் கிணறுகளை வற்றவைத்து உள்ளே பொன்னியை ஓடவிட்டால், முதல் ஆடிப்பெருக்குக்கே ஊர்க்காரர்கள் வேறு விதமான ஓலையோடு வந்து நிற்பார்கள்.

கட்டுமானக்காரரைப் பார்ப்பதற்கு முன்னால் அவரை ஒருமுறை எங்கள் ஊர்ப் பாரதத்துக்கு வரச் சொல்லுங்கள். பகாசுரன் வண்டி வரும் நாளை முன்கூட்டியே எழுதித் தெரிவிக்கிறேன். நீங்களும் பிள்ளைகளோடு வாருங்கள். வரும்போது ஒரு தூக்குவாளி நிறையப் புளிச்சோறு கொண்டு வாருங்கள்.