சாக்கில் கட்டிக்கொண்டு போன கடுவனுக்கு 312: சர்க்கரை நோய்தானா?

கேள்வி: பூதப்பாண்டி பக்கம் நெல் விவசாயம் செய்கிறோம். பத்தாயத்துக்குக் காவலாக ஆறு வயதுக் கடுவன் பூனை ஒன்று இருக்கிறது. போன வாரம் வேறொரு கடுவனோடு சண்டை போட்டு வந்தது. மூன்றாம் நாள் கன்னம் வீங்கி, சாப்பாட்டைத் தொடவில்லை. உள்ளூரில் ஒருவர் வீக்கத்துக்கு ஊசி போட்டார், என்ன மருந்தென்று தெரியாது. குறையாததால் சாக்கில் கட்டி ஆட்டோவில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். அங்கே ரத்தம் பார்த்ததில் சர்க்கரை 312. சீழை எடுத்துவிட்டு மருந்து தந்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு, வீட்டில் இன்சுலின் இருக்கிறது. அதிலேயே நாலு யூனிட் போடு, மீனை நிறுத்து என்கிறார்கள் பக்கத்து வீட்டில். செய்யலாமா? பூனை படுத்துவிட்டதால் பத்தாயத்தடியில் எலி பெருகிவிட்டது. விஷம் வைக்கலாமா?

பதில்: இன்சுலின் போட வேண்டாம். மீனையும் நிறுத்த வேண்டாம். இந்த இரண்டையும் இன்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காரணத்தைப் பிறகு படிக்கலாம்.

நீங்கள் மாடு வளர்த்தவராக இருந்தால் இது எளிதில் பிடிபடும். தினமும் கறப்பவர் வராமல் புது ஆள் கறக்க உட்கார்ந்தால் பசு பாலை ஏற்றிக்கொள்ளும். மடியில் பால் இல்லாமல் இல்லை. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதை இறங்கவிடாது. அதே அட்ரினலின்தான் உங்கள் பூனைக்குச் சாக்குக்குள் சுரந்தது. அது கல்லீரலைத் தட்டி, அங்கே சேமித்து வைத்திருந்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டச் செய்கிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்புக்கு உடனடி எரிபொருள் வேண்டுமல்லவா? பிடிபட்ட பூனை திமிறத் திமிறச் சதையில் சேரும் லாக்டிக் அமிலத்தையும் கல்லீரல் சர்க்கரையாக மாற்றும். நலமாக இருக்கும் பூனைக்கு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 70 முதல் 150 மில்லிகிராம் வரை இருக்கும். பயந்தும் திமிறியும் வந்த பூனைக்குச் சில நிமிடங்களிலேயே ஏறிவிடும், 300-ஐத் தாண்டுவதும் உண்டு. ஆரோக்கியமான பூனை என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். நோயோடு இருக்கும் பூனைக்கு நாள்கணக்கில்கூட நிற்கலாம்.

நாய்க்குப் பொதுவாக இந்த அளவுக்கு ஏறுவதில்லை. பூனை முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. அதன் கல்லீரல் புரதத்திலிருந்து எந்நேரமும் சர்க்கரை செய்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் திடீரென்று ஏறியதை வேகமாக வாங்கிச் சேமிக்கும் திறமை அதற்குக் குறைவு.

உங்கள் பூனையின் கதையில் பயம் ஒரு காரணம்தான். இன்னொன்று அந்தக் கன்னத்தில் இருந்தது. பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி மெல்லியது, ஆழமாக இறங்கும். வாயில் இருக்கும் கிருமிகளை உள்ளே விட்டுவிட்டு வெளியே வரும். மேல்தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் கட்டும். அதை எதிர்த்து உடம்பு விடும் அழற்சிப் பொருள்கள், இன்சுலின் சதையிலும் கொழுப்பிலும் வேலை செய்வதைத் தடுக்கின்றன. சர்க்கரையை ஏற்றும் கார்டிசால், குளுக்ககான் என்ற ஹார்மோன்களும் கூடும். இன்சுலின் சுரந்தும் பலன் குறைவு, கல்லீரலோ சர்க்கரையை ஊற்றிக்கொண்டே இருக்கும். பல் ஈறு சீழ், சிறுநீர்ப்பைத் தொற்று, கணைய அழற்சி எல்லாவற்றிலும் இதுவே நடக்கிறது. தொற்று மிக முற்றி ரத்தத்தில் பரவிவிட்டால் மட்டும் நேர்மாறாகச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போகும். குட்டிகளுக்கு அது சீக்கிரம் நேரும்.

மூன்றாவதாக அந்த ஊசி. வீக்கத்துக்குப் போட்டது டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு என்றால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். போட்டவரிடம் பெயரைக் கேட்டு, அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். இதேபோல் சண்டைக்காயத்தோடு வந்த கடுவன், 340 இருந்தது. அந்த ஒரு எண்ணை வைத்தே இன்சுலின் தொடங்கினேன். சீழ் வடிந்தது, காய்ச்சல் விட்டது, சர்க்கரை தானாக இறங்கியது. நான் எழுதிக்கொடுத்த ஊசி மட்டும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் இரவு பூனை தள்ளாடி விழுந்து இழுத்துக்கொண்டது. ஈறில் மார்த்தாண்டம் தேனைத் தேய்த்துத்தான் காப்பாற்றினோம். உண்மையாகவே நோய் இருக்கும் பூனைக்குக்கூட நாங்கள் பெரும்பாலும் ஒரு யூனிட்டில்தான் தொடங்குவோம். நாலு யூனிட் என்பது சாப்பிடாமல் கிடக்கும் பூனையைக் கொல்லப் போதும்.

மனைவியின் மாத்திரைகளும் வேண்டாம். காய்ச்சலுக்கென்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

ஆனால் 312-ஐத் துடைத்துப் போட்டுவிடவும் கூடாது. சண்டைக்கு முன்னால் இரண்டு மாதம் எப்படி இருந்தது என்று வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். நன்றாகத் தின்றும் மெலிந்ததா? தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமல் இருந்ததா? கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லிக்கு மேல் குடித்தால் அது இயல்பல்ல. பின்னங்கால் குதிகால் தரையில் பட நடந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நோய் முன்பே இருந்து, சீழ் அதை வெளியே இழுத்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட பூனை வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல வாடை அடித்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், மருத்துவர் தந்த மருந்தை முழு நாள் கணக்குக்கும் கொடுத்து முடியுங்கள். காயம் ஆறியபிறகு ஒரு இரவு பூனையை அறையில் விட்டு, கழுவிக் காயவைத்த சிறு கூழாங்கல்லை மண்ணுக்குப் பதிலாகத் தட்டில் போட்டு வையுங்கள். கல் சிறுநீரை உறிஞ்சாது. சிரிஞ்சில் எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும், சர்க்கரை பார்க்கும் சிறுநீர்ப் பட்டையில் பாருங்கள். பூனையின் சிறுநீரகம் ரத்தத்தில் 250, 300 வரை சர்க்கரையைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும் (நமக்கு 180-லேயே கசியும்). அதனால் வீட்டில் எடுத்த சிறுநீரில் இரண்டு மூன்று முறை சர்க்கரை இல்லையென்றால் பெரும்பாலும் நிம்மதிதான். இருந்தால், ஃப்ரக்டோசமின் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அது முந்தைய ஒன்றிரண்டு வாரச் சராசரியைக் காட்டும். சாக்கில் பட்ட பயம் அதில் ஏறாது. மனைவியின் குளுக்கோமீட்டரில் காது விளிம்பில் குத்திப் பார்க்க ஆசை வரும். மனிதருக்கான கருவி பூனை ரத்தத்தில் வழக்கமாகக் குறைவாகவே காட்டும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

சாப்பாட்டு விஷயத்தில் பக்கத்து வீட்டார் சொல்வது தலைகீழ். குறைக்க வேண்டுமானால் சோற்றையும் மரச்சீனிக் கிழங்கையும் குறையுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த சாளை மீனை முள் நீக்கிக் கொடுங்கள், வாசனைக்கே எழுந்து வரும். பூனை மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதிலும் கொழுத்த பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். அது சர்க்கரையைவிடப் பெரிய சிக்கல்.

அடுத்த முறை சாக்கு வேண்டாம். மூடி போட்ட கூடையில் பழகிய துணியை விரித்து, மேலே ஒரு வேட்டியைப் போர்த்திக் கொண்டுபோங்கள். நாய்கள் இருக்கும் இடத்தில் தரையில் வைக்காமல் மடியில் வைத்திருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். கடித்தது யார் வீட்டுப் பூனை என்று தெரியாது, உங்களையும் கீறியிருந்தால் நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆறியபின் காயடித்துவிட்டால் சண்டை குறையும். ஆனால் காயடித்த கடுவன் கொழுக்கும், கொழுத்த கடுவனுக்குத்தான் உண்மையான சர்க்கரை நோய் அதிகம் வருகிறது. அதனால் அளந்து போடுங்கள்.

எலிக்கு விஷக்கட்டி வைக்காதீர்கள். விஷக்கட்டியில் இருக்கும் புரோமாடியோலோன் என்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, மந்தமாகத் திரியும். நோயில் கிடந்து எழும் பூனைக்கு முதலில் அகப்படுவதே அந்த எலிதான்; அதைத் தின்றால் பூனைக்கும் உள்ளுக்குள் ரத்தம் கசியும். கும்பப்பூப் பருவ நெல் பத்தாயத்தில் இருக்கும்வரை நாலு பொறி வாங்கி, சுட்ட தேங்காய்த் துண்டைக் கோர்த்துச் சுவரோரமாக வையுங்கள். முதல் இரண்டு நாள் பொறியை விசை ஏற்றாமல் விட்டுத் தின்னப் பழக்குங்கள், மூன்றாம் நாள் ஏற்றுங்கள்.