செவ்வாய்க் கிரகப் படங்களே கதியென்று கிடக்கும் பெண்ணை என்ன படிக்க வைப்பது?

அம்மா, உங்கள் கடிதம் நீளமாக இருந்தாலும் பயம் என்னவோ ஒரே வரியில்தான் இருந்தது: “படம் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா சார்?” உங்கள் பெண் செவ்வாய்க் கிரகத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை முழித்திருக்கிறாள், கணினி அறிவியல் வேண்டாம் நிலவியல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள் என்பதெல்லாம் அப்புறம். வேலைதான். ஆனால் பார்ப்பதற்கு ஆகும் நேரம் கொஞ்சம், பார்த்தது சரிதானா என்று குடைவதற்கு ஆகும் நேரம் பல வருடம்.

நடந்ததையே சொல்கிறேன். 2006-லிருந்து செவ்வாயைச் சுற்றிவரும் மார்ஸ் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டர் என்ற நாசா விண்கலத்தில் ஹைரைஸ் என்று ஒரு கேமரா இருக்கிறது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 30 சென்டிமீட்டர், அதாவது அங்கே ஒரு மேஜை கிடந்தால் தெரிந்துவிடும். அந்தக் கேமராவை இயக்கும் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்த லுஜேந்திர ஓஜா, ஒரே சரிவை வெவ்வேறு பருவங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மெல்லிய கருங்கோடுகள் வெயில் காலத்தில் கீழ்நோக்கி நீண்டு குளிரில் மங்கி மறைவதைக் கவனித்தார். கேமராக் குழுவின் அப்போதைய தலைவர் ஆல்ஃபிரட் மெக்கீவன் முதல் ஆசிரியராக 2011-ல் அது கட்டுரையாக வந்தது. உப்புத் தண்ணீர் கசிகிறதோ என்று சந்தேகம். 2015-ல் அதே மாதிரி கோடுகள் உள்ள இடங்களில் நீர் கலந்த பெர்குளோரேட் உப்புகளின் அடையாளம் தெரிவதாக ஓஜா எழுத, செவ்வாயில் தண்ணீர் ஓடுகிறது என்று உலகமெல்லாம் தலைப்புச் செய்தி.

இங்கேயே கதையை நிறுத்திப் பிள்ளைகளை உசுப்பேற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். மீதியும் இருக்கிறது. 2017-ல் காலின் டண்டாஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் சரிவுகளின் சாய்வை அளந்து பார்த்தார்கள். கோடுகள் செங்குத்தான இடத்தில் மட்டுமே ஓடி, சாய்வு 27 டிகிரிக்கு அருகில் குறைந்ததும் நின்றுவிடுகின்றன. தண்ணீரென்றால் அதற்கும் கீழே வழிந்திருக்க வேண்டுமே? காய்ந்த மணல் சரிந்து வந்து நிற்பதும் ஏறக்குறைய அந்தச் சாய்வில்தான். அப்படியானால் மணலாகவே இருக்கலாம். இந்தக் கட்டுரையிலும் மெக்கீவன் பெயர் இருக்கிறது, தன் குழுவின் பழைய கருத்துக்கு எதிரான பக்கத்தில்! எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, இப்போது பாடத்துக்கு வருவோம். மணல் எந்தச் சாய்வில் நிற்கும் என்பது நிலவியலும் இயற்பியலும். எதிரொளியின் நிறமாலையைப் பார்த்து உப்பை அடையாளம் காண வேதியியல் வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களைச் சலிக்க நிரல் எழுதத் தெரிய வேண்டும். கணினி அறிவியல் வழியாகவும் உள்ளே போகலாம், தப்பில்லை. ஆனால் நிலவியல் மாணவர்கள் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு சமாளிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நிரல் எழுதுகிறவர் பிற்பாடு உட்கார்ந்து பாறையைப் படிப்பது அபூர்வம். அதனால் உங்கள் பெண் பக்கம்தான் நான். முதல் வருடத்திலிருந்தே பைத்தானும், இடத் தகவல்களைக் கணினி வரைபடத்தில் வைத்து அலசும் ஜிஐஎஸ்ஸும் கூடவே படிக்க வேண்டும், அதில் அவளுக்குச் சலுகை கொடுக்காதீர்கள்.

கசப்பான பகுதியையும் மறைக்க மாட்டேன். செவ்வாயை மட்டுமே பார்க்கும் வேலைகள் உலகம் முழுக்கவே குறைவு, முனைவர் பட்டம் இல்லாமல் ஆராய்ச்சி வேலை கிடைப்பது கஷ்டம், ஒரு விண்கலத் திட்டம் தள்ளிப்போனால் பலருடைய ஒப்பந்தமும் தொங்கும். ஆனால் இதே கண்ணும் இதே மென்பொருளும் பூமியில் நிலச்சரிவு, வெள்ளம், நிலத்தடி நீர், சுரங்கம் என்று நாலு இடத்தில் தேவைப்படுகின்றன. அங்கே ஆள் எடுக்கிறார்கள். “எல்லாம்தான் கண்டுபிடித்தாயிற்றே” என்று நினைக்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் ஒரு விண்கல் விழுந்து செவ்வாயின் மண்ணுக்கடியில் இருந்த பனிக்கட்டியைக் குழியைச் சுற்றி வாரி இறைத்தது, அதைக் கண்டுகொண்டதும் சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படங்களில்தான்.

கடைசியாக, வீட்டிலேயே ஒரு சோதனை. ஒரு பள்ளத்தின் படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுங்கள், பெரும்பாலும் மேடு மாதிரி தெரியும். “மேடா பள்ளமா?” என்று கேளுங்கள். உடனே பதில் சொன்னால் இன்னும் பழக வேண்டும். “வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது?” என்று திருப்பிக் கேட்டால் நீங்கள் கொஞ்சம் நிம்மதியாகலாம். அப்புறம் செவ்வாய்ப் படங்களை வரைபடத்தில் வைத்துப் பார்க்க உதவும் ஜேமார்ஸ் என்ற இலவச மென்பொருளை இறக்கிக் கொடுத்து, ஒரே சரிவின் பல வருடப் படங்களை எடுத்துவைத்து, என்ன மாறியிருக்கிறது, தண்ணீரைத் தவிர வேறு எதனால் அப்படி ஆகியிருக்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டோடு இரண்டு பேரும் வாருங்கள், எந்தக் கல்லூரி என்று அப்போது பேசலாம்.