விளையாடும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. டல்லாஸ் பக்கம் லிட்டில் லீக் என்ற சிறுவர் அமைப்பில் பேஸ்பால் ஆடுகிறான். வார இறுதியில் வெளியூர் போய் ஆடும் ஒரு டிராவல் டீமிலும் சேர்த்திருக்கிறோம். இரண்டிலும் அவன்தான் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவன். இரண்டு வாரமாக முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறான். "ஐஸ் வையுங்கள், சரியாகிவிடும்" என்கிறார் கோச். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் தைலம் தேய்த்து விடுகிறார். சனிக்கிழமை ஆட விடலாமா?
– ஒரு வாசகி, டெக்ஸாஸ்

பதில்: வேண்டாம் சகோதரி. இந்தச் சனிக்கிழமை மட்டுமல்ல, டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை அவன் பந்தே வீச வேண்டாம்.

இந்த வயதில் முழங்கை எலும்பு வளர்ந்து முடிந்திருக்காது. உள்பக்கத்து எலும்பு முனையைக் குருத்தெலும்புதான் ஒட்டி வைத்திருக்கும். வேகமாக வீசும் ஒவ்வொரு முறையும் தசையும் தசைநாரும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கின்றன. இழுத்து இழுத்து அங்கே புண்ணாகிவிடும். இதற்கு 'லிட்டில் லீக் எல்போ' என்றே பெயர். ஆரம்பத்திலேயே ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். வலியோடு தொடர்ந்து வீசினால் அந்த முனை பிய்ந்து விலகக்கூடும். சில பிள்ளைகளுக்கு ஆபரேஷன்வரை போகிறது. ஐஸும் தைலமும் வலியை மட்டும்தான் அடக்கும். வலி அடங்கினால் உங்கள் பையன் மறுபடி வீசப் போய்விடுவான். என் பயமெல்லாம் அதுதான்.

லிட்டில் லீகில் 2007 முதல் பந்துக் கணக்கு விதி இருக்கிறது. 11, 12 வயதுக்காரர் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 66 பந்தைத் தொட்டால் 4 நாள் ஓய்வு, 51 முதல் 65 வரை என்றால் 3 நாள். 41 பந்து வீசியவன் அன்று பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சராகவும் உட்காரக் கூடாது. நல்ல விதிகள்தான். ஆனால் வியாழன் மாலை லீகில் 60 பந்து, சனிக்கிழமை காலை டிராவல் டீமில் 70 பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்கோர் புத்தகத்தையும் தனித்தனியே பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது. கை ஒன்றுதானே! அந்தக் கூட்டுக் கணக்கை வைக்க வேண்டியவர்கள் நாம். ஃபிரிட்ஜில் ஒரு காலண்டரை ஒட்டி, எந்த டீமானாலும் அன்றைய எண்ணிக்கையை எழுதுங்கள். வருஷத்தில் 4 மாதமாவது வீசவே கூடாது, அதில் 2, 3 மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது இந்த வயதுக்கு நிபுணர்கள் சொல்லும் அளவு.

11 வருஷமாக நியூஜெர்சியில் பிள்ளைகளுக்குக் கோச்சாக இருக்கிறேன். என் மகன் விஷயத்திலேயே தவறவிட்டேன். அவனுக்கு அப்போது 12 வயது. ஒரு நாள் காலையில் இடது கையால் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஏன்டா என்றேன். "சும்மாதான்ப்பா" என்றான். வலது கையை நீட்டச் சொன்னால் முழுசாக நீளவில்லை. அரையிறுதியில் உட்கார வைத்துவிடுவேனோ என்று ஒரு மாதம் மறைத்திருக்கிறான். அந்த இடது கையும் பிரஷ்ஷும் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன. உங்கள் மகன் வாய் திறந்து சொல்லியிருக்கிறான். சொன்னது நல்லது என்று அவனிடம் சொல்லுங்கள்.

கோச்சிடம் சண்டை வேண்டாம். "டாக்டர் சரி சொல்லும்வரை வீச மாட்டான்" என்று ஒரு மெசேஜ் போதும். பையனை வீட்டில் அடைத்து வைக்காதீர்கள். டீமோடு உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் பந்துகளை எண்ணட்டும்.

கேள்வி: பந்து மார்பில் பட்டால் இதயம் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், கலிபோர்னியா

பதில்: மிக அபூர்வம், ஆனால் உண்மை. இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் அடி விழுந்தால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் துடிப்பு தாறுமாறாகிவிடும். பந்து பட்டுப் பிள்ளை சுருண்டு விழுந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டாம். 911-ஐ அழைத்து, உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள். ஒருவர் ஓடிப்போய் ஏ.இ.டி. பெட்டியை, அதாவது இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவியை, கொண்டுவரட்டும். ஒவ்வொரு நிமிடமும் உயிர்க் கணக்கு. நான் பார்த்த ஒரு மைதானத்தில் அந்தப் பெட்டி பூட்டிய ஷெட்டுக்குள் இருந்தது. உங்கள் மைதானத்தில் அது எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று அடுத்த ஆட்டத்துக்கு முன் கேட்டுவிடுங்கள்.